ஜார்ஜியா 1941: ஒரு டீனை வீட்டுக்கு அனுப்பப் போய்ப் பத்துக் கல்லூரிகள் அங்கீகாரம் இழந்த கதை

1941 மே 30-ஆம் தேதி வாக்கெடுப்பு: 8–4. ஜூன் 16: 8–7. ஜூலை 14: 10–5. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், நாற்பத்தைந்தே நாளில், ஒரே ஆளைப் பற்றி ஒரே வாரியம் மூன்று முறை வாக்களித்தது. முதல் முறை ‘இவர் வேண்டாம்’. இரண்டாம் முறை ‘சரி, இருக்கட்டும்’. மூன்றாம் முறை மறுபடியும் ‘வேண்டாம்’. கடைசி இரண்டு வாக்கெடுப்புகளுக்கு நடுவே குற்றச்சாட்டின் மையம் மாறவில்லை. வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் மாறியிருந்தார்கள்.

அந்த ஆளின் பெயர் வால்டர் காக்கிங். ஏதென்ஸ் நகரிலுள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கல்லூரியின் டீன். அவர் போனார். அவரோடு சேர்ந்து, அடுத்த சில மாதங்களில், மாநில அரசின் பத்துக் கல்லூரிகளின் தர அங்கீகாரமும் போனது. அரசியல்வாதி பல்கலைக்கழகத்தில் கை வைத்தால் அங்கீகாரத்துக்கு என்ன ஆகும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அமெரிக்காவில் எடுத்துக்காட்டும் நிகழ்வு இது; ‘காக்கிங் விவகாரம்’ என்பது அதன் பெயர். முடிவு மட்டும்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது: தலையிட்ட ஆளுநர் தேர்தலில் தோற்றார், அங்கீகாரம் திரும்பி வந்தது, சுபம். எனக்கு அந்தச் சுபத்தில்தான் சந்தேகம். அதற்காகவே இந்த நிகழ்வைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். அங்கே ஆளுநர் என்பவரைத் தலைநகரிலிருந்து யாரும் அனுப்புவதில்லை. மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதலமைச்சர் செய்யும் வேலையைச் செய்பவர். சான்சலர் என்றதும் பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டு நிற்கும் வேந்தர் நமக்கு நினைவுக்கு வருவார். ஜார்ஜியாவில் சான்சலர் எல்லா அரசுக் கல்லூரிகளையும் சேர்த்து மேய்க்கும் முழுநேர நிர்வாகி. ஆகவே ஆளுநருக்கும் முதல்வருக்கும் இடையே கோப்பு அலையும் நம்மூர் இழுபறி இந்தக் கதையில் கிடையாது. தேர்தலில் ஜெயித்த ஒருவர், ஜெயித்த தெம்பில், கல்லூரிக்குள் நுழைந்த கதை இது.

வாரியம் எப்படி இருந்தது

1931 வரை ஜார்ஜியாவில் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் தனித்தனி அறங்காவலர் குழு. ஒவ்வொன்றும் சட்டமன்ற வாசலில் தனித்தனியாகப் போய்ப் பணத்துக்கு நிற்கும். அந்த ஆண்டு நடந்த நிர்வாகச் சீரமைப்பில் இவை எல்லாம் ‘ரீஜென்ட்ஸ் வாரியம்’ என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. உறுப்பினர்களை நியமிப்பவர் ஆளுநர். அவரே வாரியத்தில் பதவி வழி உறுப்பினரும்கூட. அதாவது ஆளை வைப்பவரும் அவரே, வைத்த ஆளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாக்களிப்பவரும் அவரே. 1785-இல் சாசனம் பெற்ற பழைய பல்கலைக்கழகம், இன்னொரு புறம் ஜார்ஜியா டெக், அப்புறம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பெண்கள் கல்லூரி, இளநிலைக் கல்லூரிகள் என எல்லாம் இந்த ஒரு மேசைக்குக் கட்டுப்பட்டவை.

ஒருங்கிணைப்பு நல்ல நோக்கத்தில் செய்யப்பட்டதுதான். ஆனால் முன்பு பல பூட்டுகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே பூட்டு. சாவி ஆளுநர் மாளிகையில்.

நல்லெண்ணம் கொண்ட ஆளுநர் இருக்கும்வரை இந்த ஓட்டை கண்ணில் படாது. 1941 ஜனவரியில் பதவிக்கு வந்தவர் யூஜின் டால்மட்ஜ்.

டால்மட்ஜைப் படிக்காத பட்டிக்காட்டு அரசியல்வாதி என்று எண்ணிவிடக் கூடாது. அதே ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மேடையில் கோட்டைக் கழற்றிவிட்டுச் சிவப்புத் தோள்பட்டை வார் தெரிய நின்று பேசுவார். சிறு விவசாயிகள் அவரை ‘நம்ம ஆளு’ என்று கொண்டாடினார்கள். 1933 முதல் 1937 வரை ஏற்கெனவே ஆளுநராக இருந்தவர். கறுப்பின மக்களைக் கீழே வைத்திருப்பதில் அவருக்கு ஒளிவு மறைவு கிடையாது. டிராம் தண்டவாளம் உள்ள எந்த மாவட்டத்தின் வாக்கும் தனக்குத் தேவையில்லை என்று பெருமையடித்துக்கொள்வார். அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது.

ஜார்ஜியாவில் டெமாக்ரட் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்தான் உண்மையான தேர்தல்; அதில் ஜெயித்தவரே ஆளுநர். அங்கே மொத்த வாக்கு செல்லாது. மாவட்ட அலகுதான் செல்லும். 159 மாவட்டங்கள். மிகப் பெரிய எட்டுக்குத் தலா 6 அலகு, அடுத்த முப்பதுக்குத் தலா 4, மீதி 121-க்குத் தலா 2. மொத்தம் 410. அட்லாண்டா நகரைக் கொண்ட ஃபுல்டன் மாவட்டத்தில் கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர்; அதற்கு 6. ஆள் நடமாட்டமே குறைந்த மூன்று கிராமத்து மாவட்டங்களைச் சேர்த்தால் அதே 6. அப்படியானால் நகரத்தைப் பகைத்துக்கொண்டால் என்ன நஷ்டம்? பேராசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் எல்லாரும் திட்டினாலும் அது லாபமே. அந்தத் தேர்தல் வெள்ளையருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதையும் இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாக்கெடுப்புகள்

காக்கிங் அயோவாவில் பிறந்தவர், டென்னசியில் கல்வித் துறையில் பெரிய பதவி வகித்தவர். 1937-இல் ஜார்ஜியாவுக்கு அழைத்து வரப்பட்டார். கல்வியியல் கல்லூரியின் தரத்தை உயர்த்துவது அவர் வேலை. தரத்தை உயர்த்த வருகிறவரைக் கல்லூரிக்குள்ளேயே பலருக்குப் பிடிக்காது. இது எந்த ஊரிலும் உள்ளதுதான். கறுப்பினத்தவருக்கான உயர்கல்வி ஜார்ஜியாவில் என்ன நிலையில் இருக்கிறது என்று அவர் ஓர் ஆய்வும் நடத்தினார். அதற்குப் பணம் கொடுத்தது சிகாகோவின் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியம். தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காகச் சுமார் 5,000 பள்ளிக்கூடங்கள் எழும்ப உதவிய நிதியம் அது. பணம் சிகாகோவிலிருந்து வருகிறது; கொடுப்பது யூதரின் நிதியம்; செலவாவது கறுப்பினத்தவர் கல்விக்கு. டால்மட்ஜ் போன்ற ஒரு மேடைப் பேச்சாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தீப்பொறி ஓர் ஆசிரியையின் குற்றச்சாட்டு. பல்கலைக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வேலை செய்தவர் அவர். ஒரு ஆசிரியர் கூட்டத்தில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து படிக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்று ஏதென்ஸ் அருகே வர வேண்டும் என்று காக்கிங் பேசியதாகச் சொன்னார். காக்கிங் மறுத்தார். கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் அப்படி ஒரு பேச்சைக் கேட்கவில்லை என்றார்கள்.

மே 30 கூட்டத்துக்கு டால்மட்ஜ் நேரில் போனார். ஆண்டுதோறும் வழக்கமாக நடக்கும் பணி நீட்டிப்புப் பட்டியலில் காக்கிங்கின் பெயரை அடிக்கச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் கம்யூனிசமோ இனச் சமத்துவமோ பேசுகிற யாராக இருந்தாலும் நீக்குவேன் என்பது அவர் நிலை. வாரியம் 8–4 என்று தலையாட்டியது. விசாரணை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை.

இங்கே ஒரு மனிதர் குறுக்கே நின்றார். பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹார்மன் கால்ட்வெல். காக்கிங்குக்கு விசாரணை தராவிட்டால் நான் ராஜினாமா செய்கிறேன் என்றார். பதவியில் இருக்கும் தலைவர் இப்படிச் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்பது கல்லூரி நிர்வாகத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ‘கமிட்டி போட்டுப் பார்ப்போம்’ என்று நழுவுவதுதான் வாடிக்கை. அவர் நழுவாததால் ஜூன் 16-இல் விசாரணை நடந்தது. ஒரு வாக்கு வித்தியாசத்தில் காக்கிங் தப்பினார்.

அன்றே விஷயம் முடிந்திருக்கலாம். டால்மட்ஜ் என்ன செய்தார்? தன் வழிக்கு வராத ரீஜென்ட்டுகளின் ராஜினாமாவைக் கேட்டார். மூன்று இடங்களில் புது ஆட்கள் வந்தார்கள். ஜூலை 14-இல் அட்லாண்டாவில், மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்திலேயே, மறுவிசாரணை. பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கவேண்டிய விவகாரம் ஆளுநரின் கூரைக்குக் கீழ் வந்துவிட்டது. கேள்விகள் ரோசன்வால்ட் பணத்தைப் பற்றியும், கல்லூரியில் என்ன புத்தகம் படிக்கக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியும் விரிந்தன. முடிவு 10–5. காக்கிங்கோடு ஸ்டேட்ஸ்பரோ ஆசிரியர் கல்லூரியின் தலைவர் மார்வின் பிட்மனும் நீக்கப்பட்டார். கட்சி அரசியல் செய்தார், இன விவகாரத்தில் வரம்பு மீறினார் என்று அவர்மேல் குற்றம். இந்த அலையில் பதவி இழந்த கல்வியாளர்கள் பத்துப் பேர்.

நிர்வாகப் பாடம் என்று பார்த்தால் எனக்கு முக்கியமாகப் படுவது மே மாத முடிவும் இல்லை, ஜூலை மாத முடிவும் இல்லை. அந்த நடு மாதம்தான். ஒரு வாரியம் தவறான முடிவு எடுப்பது மன்னிக்கக்கூடியது. வாரியங்கள் தவறு செய்யும், திருத்திக்கொள்ளவும் செய்யும். ஜூனில் திருத்திக்கொண்டது. திருத்திக்கொண்ட வாரியத்தைக் கலைத்து, வேண்டிய விடை வரும்வரை உறுப்பினரை மாற்றியபோதுதான் அது வாரியமாக இல்லாமல் போனது. பின்னால் அங்கீகார அமைப்பு கையில் எடுத்ததும் இதைத்தான். காக்கிங் நல்லவரா கெட்டவரா என்பது அதன் கேள்வியே இல்லை.

லூயிவில்

இந்தியாவில் அங்கீகாரம் என்றால் நாக். 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய அமைப்பு. ஆக, அரசின் குடும்பத்துக்குள் உள்ள ஒன்று. அமெரிக்க ஏற்பாடு வேறு. கல்லூரிகளே ஒன்றுகூடிச் சங்கம் வைத்து, ஒருவர் தரத்தை இன்னொருவர் சோதிப்பது. தெற்கில் அந்த வேலையைச் செய்தது 1895-இல் அட்லாண்டாவில் தொடங்கிய தென்மாநிலக் கல்லூரிகள், பள்ளிகள் சங்கம். இதற்கு முன் 1930-இல் மிசிசிப்பியில் ஆளுநர் தியடோர் பில்போ பேராசிரியர்களைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியபோது அங்குள்ள அரசுக் கல்லூரிகளின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்த முன்னனுபவமும் அதற்கு இருந்தது.

1941 இலையுதிர் காலத்தில் தெற்குப் பல்கலைக்கழக மாநாடு என்ற இன்னொரு அமைப்பு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை முதலில் வெளியேற்றியது. ஏதென்ஸில் மாணவர்கள் டால்மட்ஜின் உருவபொம்மையை எரித்தார்கள். கார்களில் அணிவகுத்து அட்லாண்டாவுக்குப் போனார்கள். தென்மாநிலச் சங்கம் குழு அமைத்து விசாரித்தது. டிசம்பர் 4-இல், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், ஜார்ஜியாவின் பத்து அரசுக் கல்லூரிகளின் அங்கீகாரத்தை நீக்கத் தீர்மானித்தது. காரணம் அரசியல் தலையீடு. மூன்று நாள் கழித்து பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. அமெரிக்காவே போருக்குத் திரும்பியது. ஆனாலும் ஜார்ஜியாவில் இந்தச் செய்தி அமுங்கவில்லை.

அந்தத் தீர்மானத்தில் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. குற்றம் நடந்தது இரண்டு வளாகங்களில், தண்டனை பத்துக்கும். ஜார்ஜியா டெக்கில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த பையனுக்குக் காக்கிங் யாரென்றே தெரிந்திருக்காது. ஆனால் நோய் வளாகத்தில் இல்லை, வாரியத்தில் இருந்தது. வாரியம் ஒன்றுதான் என்பதால் எல்லாரும் அதற்குள் அடக்கம். ஒருங்கிணைப்பின் விலை இது.

இரண்டாவது, தீர்ப்புச் சொன்னவர்கள் யார் என்பது. வடக்கிலிருந்து ஒரு குழு வந்து சொல்லியிருந்தால் டால்மட்ஜுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். ‘வடக்கத்தியான் நமக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டான்’ என்று ஊர் ஊராகப் போயிருப்பார். சொன்னவர்களோ பக்கத்து மாநிலக் கல்லூரிகளின் தலைவர்கள், தெற்கத்திய வெள்ளையர்கள். அந்நியர் என்று அவர்களை ஒதுக்க முடியவில்லை.

மூன்றாவது, தேதி. நீக்கம் உடனே அமலுக்கு வரவில்லை. 1942 செப்டம்பர் 1 முதல் என்று தள்ளி வைத்தார்கள். சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுப்பது முறைதான். ஆனால் ஜார்ஜியாவில் ஆளுநர் பதவிக்கான முதற்கட்டத் தேர்தல் 1942 செப்டம்பர் 9. எட்டு நாள் இடைவெளி. திட்டமிட்டார்களோ இல்லையோ, அதைவிடக் கூர்மையான தேதி கிடைத்திருக்காது.

அங்கீகாரம் போனால் அன்றைக்கு என்ன நஷ்டம்? கட்டடம் இடிந்துவிடாது, வகுப்பு நின்றுவிடாது. வேறு மாநிலத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால், வேறு கல்லூரிக்கு மாறினால், அந்த மதிப்பெண்ணை அவர்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கையிலிருக்கும் பட்டம் ஜார்ஜியா எல்லையைத் தாண்டினால் காகிதம். இது விவசாயிக்கும் புரிந்தது. கல்விச் சுதந்திரம் பற்றி நூறு கட்டுரை எழுதினாலும் அசையாத குடும்பத்தை, ‘உன் பையன் படிப்பு செல்லாது’ என்ற ஒரு வரி அசைத்துவிட்டது.

வாக்குப்பெட்டி

டால்மட்ஜை எதிர்த்து நின்றவர் எல்லிஸ் ஆர்னல். வயது 35. அப்போது மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர். களத்தில் இருந்த இன்னொருவர் விலகிக்கொண்டதால் போட்டி நேருக்கு நேர் ஆனது. மாவட்ட அலகு முறையில் எதிர்ப்பு வாக்கு சிதறாமல் இருப்பது பெரிய விஷயம். ஆர்னல் தேர்தலை ஒரே விஷயத்தில் நிறுத்தினார்: கல்லூரிகள். மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போய்த் தெருத் தெருவாகப் பிரசாரம் செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாக்களிக்கும் வயது அப்போது 21. பிரசாரம் செய்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. அப்பா அம்மாவிடம் போய்க் கேட்டார்கள்.

முடிவு, அலகுக் கணக்கில் 261–149. வாக்குக் கணக்கில் ஆர்னலுக்குச் சுமார் 1,74,000, டால்மட்ஜுக்குச் சுமார் 1,28,000. டிராம் தண்டவாளம் இல்லாத மாவட்டங்களும் கணிசமாகக் கைவிட்டதால்தான் இந்தத் தோல்வி. நகரம் மட்டும் எதிர்த்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார். அந்தக் கணக்கை மேலே பார்த்தோம்.

1943 ஜனவரியில் பதவியேற்றதும் ஆர்னல் வேகமாகச் செய்த வேலை, ஆளுநரை ரீஜென்ட்ஸ் வாரியத்திலிருந்து வெளியே எடுத்தது. தன் நாற்காலியைத் தானே அகற்றிய ஆளுநர்கள் உலகத்தில் அதிகம் இருக்க மாட்டார்கள். சாதாரணச் சட்டமாக விட்டால் அடுத்து வருகிறவர் மாற்றிவிடுவார் என்பதால், அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்காளர்களின் ஒப்புதலோடு வாரியத்துக்கு அரசியல் சாசன அந்தஸ்து தரப்பட்டது. உறுப்பினர் பதவிக்காலம் ஏழு ஆண்டு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியாதபடி. நாலு வருட ஆளுநர் ஒருவர் ஒரேயடியாக எல்லாரையும் மாற்ற முடியாது. ஆளுநர் இந்த வாரியத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்ற விதி ஜார்ஜியா சாசனத்தில் இன்றும் இருக்கிறது. அந்த ஆகஸ்டிலேயே வாக்களிக்கும் வயது 18 ஆனது. அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம் ஜார்ஜியா.

1943-இல் அங்கீகாரம் திரும்பியது. பிட்மன் தன் கல்லூரிக்குத் திரும்பினார். காக்கிங் திரும்பவில்லை. நியூயார்க்கில் ஒரு கல்விப் பத்திரிகைக்கு ஆசிரியராகப் போய்விட்டார். விவகாரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவருக்கு அதன் வெற்றியில் பங்கு இல்லை.

சுபத்தில் உள்ள ஓட்டை

எனக்கு உறுத்துவது இதுதான். காக்கிங்மேல் சொல்லப்பட்ட குற்றம், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து படிக்கலாம் என்று நினைத்தார் என்பது. அவர் சார்பில் பேசிய ஒருவர்கூட, ‘நினைத்தால்தான் என்ன?’ என்று கேட்கவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பதே அவர் தற்காப்பு. ஆர்னலும் கல்விப் பிரிவினையை விட்டுக்கொடுக்கப் போவதில்லை என்று வாக்காளருக்கு உறுதி சொல்லித்தான் ஜெயித்தார். அங்கீகாரம் இழந்த பத்தும் வெள்ளையர் கல்லூரிகள். தண்டித்த சங்கமோ கறுப்பினக் கல்லூரிகளை 1957 வரை முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. 1930 முதல் தனிப் பட்டியல் போட்டுத் தரம் பிரித்து வைத்திருந்தது. தோல் நிறத்தைக் காரணம் காட்டி மாணவனை வாசலில் நிறுத்தும் பல்கலைக்கழகம் அதன் அளவுகோலில் தரமானது. அதே விஷயத்தில் ஒரு டீனை முறையில்லாமல் நீக்கிய பல்கலைக்கழகம் தரமற்றது.

நடைமுறை பிசகினால் கண்டுபிடிக்கும் கருவி அங்கீகாரம். அநியாயமே நடைமுறையாக இருந்தால் அதன் முள் அசையாது. ஹாமில்டன் ஹோம்ஸும் ஷார்லேன் ஹண்டரும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின மாணவர்களாக உள்ளே நுழைந்தது 1961 ஜனவரியில். காக்கிங் வெளியேறி இருபது ஆண்டு ஆகியிருந்தது. அவர்களுக்குக் கதவைத் திறந்தது மத்திய நீதிமன்ற உத்தரவு.

வாக்காளர் மனமும் மாறிவிடவில்லை. 1946-இல் டால்மட்ஜ் மறுபடி நின்றார், வெள்ளையர் மேலாதிக்கத்தையே முழக்கமாக வைத்து. மொத்த வாக்கில் பின்தங்கியும் மாவட்ட அலகில் ஜெயித்தார். பதவியேற்கும் முன்பே இறந்துபோனார். அந்த மாவட்ட அலகு முறையை உச்ச நீதிமன்றம் 1963-இல்தான் செல்லாது என்றது. ஆக, 1942-இல் அவரைத் தோற்கடித்தது பிள்ளைகளின் பட்டம். அந்தக் கவலை தீர்ந்ததும் வாக்கு பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

தடி கனத்த கதை

1941-இல் அங்கீகாரம் என்பது மரியாதையும் மதிப்பெண் மாற்றமும் சார்ந்த விஷயம். 1965-இன் உயர்கல்விச் சட்டத்துக்குப் பிறகு அதன் எடை வேறு. மாணவருக்கு மத்திய அரசின் உதவித்தொகையும் கடனும் வேண்டுமானால், படிக்கும் இடம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அங்கீகாரம் போனால் அந்தப் பணம் போகும்; பணம் போனால் பெரும்பாலான கல்லூரிகள் கதவை மூட வேண்டியதுதான்.

தடி இவ்வளவு கனத்துப் போனதால் அதை ஓங்க யாருக்கும் மனம் வருவதில்லை. தென்மாநிலச் சங்கத்தின் கல்லூரி ஆணையம் இன்று வெளியார் செல்வாக்கிலிருந்து நிறுவனத்தைக் காப்பது ஆட்சிக்குழுவின் கடமை என்று விதியே வைத்திருக்கிறது. அந்த விதியை நீட்டிக் கேள்வி கேட்டதும் உண்டு. அறங்காவலர் குழுவின் அத்துமீறலுக்காக அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தை 2003 டிசம்பரில் தகுதிகாண் நிலையில் வைத்தது, ஓராண்டில் அந்த நிலையை விலக்கிக்கொண்டது. 2012 ஜூனில் வர்ஜீனியா பல்கலைக்கழகத் தலைவர் தெரசா சல்லிவனை ஆட்சிக்குழு ராஜினாமா செய்ய வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் 26-இல் திரும்ப அழைத்தது. டிசம்பரில் எச்சரிக்கை, அடுத்த ஆண்டு அதுவும் விலகியது. 2019-இல் சவுத் கரோலைனா ஆளுநர் ஹென்றி மெக்மாஸ்டர், சவுத் கரோலைனா பல்கலைக்கழகத் தலைவர் தேர்வில் அறங்காவலர்களிடம் பேசி அழுத்தம் கொடுத்த விவகாரத்திலும் விசாரணை நடந்தது. எச்சரிக்கை, தகுதிகாண் நிலை, கடிதம். லூயிவில் போல ஒன்று பெரிய அரசுப் பல்கலைக்கழகம் எதற்கும் நடக்கவில்லை. நடக்காது என்பது ஆளுநர்களுக்கும் தெரியும்.

தெரிந்த பிறகு அடுத்த அடி. 2021-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், வாக்குரிமை வழக்கில் மாநில அரசுக்கு எதிராகச் சாட்சி சொல்லவிருந்த மூன்று பேராசிரியர்களைத் தடுத்தது. ஆணையம் விளக்கம் கேட்டது. 2022-இல் ஃபுளோரிடா ஒரு சட்டம் போட்டது: அரசுக் கல்லூரிகள் இனி அங்கீகார அமைப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வட்டார எல்லைப்படிதான் அங்கீகாரம் என்ற பழைய ஏற்பாட்டை 2020-இல் மத்திய அரசு தளர்த்தியிருந்ததால் இது சாத்தியமாயிற்று. டால்மட்ஜ் ரீஜென்ட்டை மாற்றினார். இவர்கள் தேர்வாளரையே மாற்றுகிறார்கள்.

ஜார்ஜியாவுக்கு வருவோம். 2021-இல் மாநிலக் கல்லூரிகளுக்குப் புதிய சான்சலர் தேடினார்கள். முன்னாள் ஆளுநர் சானி பெர்டூவின் பெயர் அடிபட்டது. அரசியல் அழுத்தம் வேண்டாம் என்று ஆணையத்தின் தலைவர் பெல் வீலன் ரீஜென்ட்ஸ் வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். தேடல் கொஞ்ச நாள் நின்றது. ஆளுநர் பிரையன் கெம்ப் வாரியத்துக்குப் புதிய உறுப்பினர்களை நியமித்தார். 2022-இல் பெர்டூவே சான்சலர் ஆனார். இதில் சாசன மீறல் எதுவும் இல்லை: ஆளுநர் வாரியத்தில் உட்காரவில்லை, ஏழாண்டுப் பதவிக்காலத்தைக் குலைக்கவில்லை, காலியான இடத்தைத்தான் நிரப்பினார். ஆர்னல் நாற்காலியை அகற்றினாரே தவிர, நியமனப் பேனாவை ஆளுநர் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

2025 ஜூனில் ஆறு தென்மாநிலப் பல்கலைக்கழக அமைப்புகள் சேர்ந்து தங்களுக்கென்று புதிய அங்கீகார ஆணையம் ஒன்றைத் தொடங்குவதாக அறிவித்தன. அறிவித்தவர் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ். ஆறில் ஒன்று, சானி பெர்டூ தலைமையிலான ஜார்ஜியா.